குவாண்டம் பெட்டி: கிண்ணம் நல்லது, டாலர் வேண்டாம்

கன்னியாகுமரிக் கடைவீதியில் சங்கு, பாசிமணி, சிப்பி மாலைகளுக்கு நடுவே இப்போது ஓர் அட்டைப்பெட்டியும் விற்பனைக்கு வந்திருக்கிறது. மேலே ‘குவாண்டம் அதிர்வு சிகிச்சை’ என்று அச்சிட்டிருக்கும். உள்ளே தட்டியும் தேய்த்தும் ஒலிக்கவைக்கும் வெண்கலக் கிண்ணம் (சிங்கிங் பவுல்) ஒன்று, தோல் சுற்றிய மரக்கட்டை, கிண்ணம் வைக்க ஒரு வளையத் திண்டு, 128, 528 என்று எண் பொறித்த இரண்டு இசைக்கவைகள் (டியூனிங் ஃபோர்க்), கழுத்தில் தொங்கவிடக் கறுப்புக் கல்லைப் போல ஒரு டாலர், சின்னதாக ஒரு கையேடு. சொல்லும் விலை 5,500 ரூபாய். பேரம் பேசினால் நாலாயிரத்துக்கு இறங்கும். தயாரித்தவர் பெயரோ முகவரியோ பெட்டியில் எங்கும் இல்லை.

எல்லாவற்றுக்கும் ஒரே விளக்கம்தான்: அதிர்வு. கிண்ணமும் கவைகளும் நிஜமாகவே அதிர்கின்றன. கையேடு அந்த அதிர்வைப் பற்றித் தப்பாகச் சொல்கிறது. டாலர் அதிர்வதே இல்லை. அது செய்யும் வேலை வேறு. நாலாயிரம் ரூபாயைக் கொடுக்கும் முன் இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

கொடுக்கும் காசுக்குப் பெறும் பொருள் கிண்ணம்தான். வாய் அகலம் 14 செ.மீ., எடை அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. உள்பக்கம் சுத்தியல் தழும்பு தெரிகிறது, ஆகவே கையால் அடித்தது. ‘ஏழு உலோகம், ஏழு கிரகம்’ என்பது கையேட்டின் வாக்கு. ஆய்வுக்கூடங்களில் சோதித்த இமயமலைக் கிண்ணங்கள் பெரும்பாலும் செம்பும் வெள்ளீயமும் ஏறத்தாழ 78-க்கு 22 என்ற கணக்கில் கலந்த வெண்கலம்தான். மற்ற உலோகங்கள் தாதுவோடு ஒட்டி வந்த துளி அளவில் மட்டுமே. கோயில் சேகண்டியும் இதே இனம். வெள்ளீயம் இந்த அளவுக்கு ஏறினால் உலோகம் கடினப்பட்டு, ஓசையைத் தனக்குள் விழுங்காமல் நெடுநேரம் வைத்திருக்கும். அதே கடினத்தால் எளிதில் உடையவும் செய்யும். சிமென்ட் தரையில் ஒருமுறை விழுந்தால் மயிரிழைக் கீறல் விழும், அதோடு கார்வை போய் ‘டொக்’கென்ற ஓசைதான் மிஞ்சும். நல்ல மஞ்சளாகப் பளபளத்தால் பித்தளை என்று சந்தேகப்படுங்கள். பித்தளையிலும் ஓசை வரும், ஆனால் சீக்கிரம் அடங்கிவிடும்.

தட்டும் முறை முக்கியம். கிண்ணத்தைத் திண்டின் மேல் வைத்து, விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே கட்டையின் மெத்தென்ற முனையால் தட்டுங்கள். விளிம்பின் நுனியிலேயே தட்டினால் கீச்சென்ற மேல் ஓசைதான் முந்திக்கொண்டு வரும். கையில் வைத்தால் உள்ளங்கை தட்டையாக விரிந்திருக்க வேண்டும். ஒரு விரல் சுவரில் பட்டாலும் ஓசை அமுங்கிவிடும். சுற்றித் தேய்க்கும்போது கட்டையைச் செங்குத்தாகப் பிடித்து, தோல் சுற்றிய பக்கம் படும்படி, சுற்றுக்கு இரண்டு மூன்று விநாடி என்று நிதானமாகப் போக வேண்டும். பெரும்பாலோர் தோற்பது இங்கேதான். கடகடவென்று சத்தம் கிளம்பியதும் வேகத்தைக் கூட்டுகிறார்கள். விளிம்பின் ஆட்டம் கட்டையைத் தள்ளிவிட்டு மறுபடி வந்து இடிப்பதால் வரும் சத்தம் அது. வேகத்தைக் குறைத்து அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் அடங்கிவிடும்.

ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியில் ஒலி நிறமாலையைத் திறந்து கிண்ணத்தின் பக்கத்தில் போனை வைத்தால் மூன்று முகடுகள் தெளிவாக எழும்புகின்றன: சுமார் 312, 860, 1,610 ஹெர்ட்ஸ். (விநாடிக்கு 48,000 மாதிரி வீதத்தில் 32,768 மாதிரி எடுத்தால் ஒன்றரை ஹெர்ட்ஸ் வரை பிரித்துப் பார்க்கலாம்.) வீணைத் தந்தியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று முழு மடங்கில் வரும் மேலோசைகள், கிண்ணத்தில் 2.8, 5.2 என்று ஒட்டாமல் நிற்கின்றன. அந்த விசித்திர நிறத்துக்குக் காரணம் இதுதான். ‘அனாகதம் 528’ (அனாகதம் என்பது யோகத்தில் நெஞ்சுச் சக்கரம்) என்று கிண்ணத்தின் அடியில் ஒட்டிய சீட்டு சொல்லும் எண்ணுக்கு நிறமாலையில் ஒரு முகடுகூட இல்லை.

இனி அந்த ‘வ்வோம்... வ்வோம்’ என்று அலைந்து வரும் விம்மல். ஆன்மிக வகுப்புகளில் அதிகம் பேசப்படுவதும் அதுதான், உண்மையிலேயே அழகானதும் அதுதான். அடிப்படை அதிர்வில் வட்டமான வாய் ஒரு பக்கமாக நீண்டு, அடுத்த கணம் அதற்குக் குறுக்கே நீள்கிறது. சுவர் எங்கும் ஒரே கனமாக இருந்தால் எந்தத் திசையில் நீண்டாலும் ஒரே அதிர்வெண். சுத்தியல் அடியில் சுவர் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் போவதால், 45 பாகை திரும்பிய இரண்டு நீள்வட்டங்கள் கிட்டத்தட்ட 311, 313 என்று பிரிந்துவிடுகின்றன. இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது வித்தியாசமான 2 ஹெர்ட்ஸ்தான் விநாடிக்கு இரண்டு விம்மலாகக் காதில் விழுகிறது. விளிம்பைச் சுற்றிச் சாக்பீஸால் குறி வைத்து ஒவ்வொரு இடமாகத் தட்டிப் பாருங்கள்: எட்டு இடங்களில் விம்மல் ஏறக்குறைய காணாமல் போகும், அவற்றின் நட்டநடுவில் தட்டினால் வலுத்து எழும். கடைசல் பிடித்த இயந்திரக் கிண்ணத்தில் சுவர் சீராக இருப்பதால் விம்மல் மங்கலாகவே வரும். கையடிக் கிண்ணத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பதற்கு இது ஒன்றே போதிய காரணம்.

கால் பங்கு தண்ணீர் ஊற்றினால் சுருதி இறங்கும். அழுத்தித் தேய்த்தால் விளிம்போரத்தில் நாலு இடங்களில் தண்ணீர் பொரிந்து துளிகள் தெறிக்கும். நீள்வட்டத்தின் நாலு முனைகளைக் கண்ணால் பார்க்கிற இடம் அது. குழந்தைகளுக்கு அவசியம் காட்டுங்கள்.

தியானத்துக்கு? தாராளமாக. ஒருமுறை தட்டிவிட்டு ஓசை எங்கே முடிகிறது என்று கடைசி வரை காதைக் கொடுத்திருப்பது மனத்தை ஓரிடத்தில் நிறுத்தும் நல்ல பயிற்சி. மூச்சு தானாக நீளும், படபடப்பு தணியும். சர்க்கரையையோ கட்டியையோ அது கரைக்காது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள், எலும்பு முறிவோ புதுத் தையலோ உள்ளவர்கள் கிண்ணத்தை உடம்பின் மேல் வைத்துத் தட்ட வேண்டாம். காதுக்கு ஒட்டியும் யாரும் தட்டக்கூடாது.

இசைக்கவைகளில், முனையில் எடைக்கட்டி உள்ள 128 உருப்படியானது. சர்க்கரை நோயாளியின் கால் விரலில் அதிர்வு உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று மருத்துவர்கள் பார்ப்பது இதே 128-ஐ வைத்துத்தான். ரப்பரிலோ உள்ளங்கையின் அடிமேட்டிலோ தட்ட வேண்டும்; மேசை விளிம்பில் அடித்தால் அடிப்படையைப் போல ஆறு மடங்கு உயரத்தில் ஒரு கணகணப்பு கிளம்பி எல்லாவற்றையும் கெடுக்கும். அலுமினிய 528 சுருதி சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘பிரபஞ்சத்தின் அன்பு அலைவரிசை’ என்ற பட்டம் அதற்குப் பொருந்தாது. ஹெர்ட்ஸ் என்பது விநாடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு. விநாடி மனிதர் வகுத்த அளவு. 1967 முதல் சீசியம் அணுவின் 9,192,631,770 அலைவுகள் என்று வரையறுத்திருக்கிறார்கள். நம் முன்னோர் விநாழிகையில் எண்ணினார்கள். விநாழிகைக்கு 24 விநாடி, ஆக இதே ஓசை அவர்கள் கணக்கில் 12,672. ஓசை அதேதான், எண் மாறிவிட்டது. எண்ணில் அன்பு இருக்குமானால் அளவுகோலை மாற்றும்போது அது எங்கே போகும்?

கையேட்டுக்கு வருவோம். ‘எல்லாமே அதிர்வு என்று குவாண்டம் இயற்பியல் நிரூபித்துவிட்டது, ஆகவே இந்த ஓசை உங்கள் அணுக்களைச் சீராக்கும்’ என்கிறது. குவாண்டம் என்பது ஆற்றலின் மிகச் சிறிய பொட்டலம். அதன் அளவைத் தரும் பிளாங்க் மாறிலியை 528-ஆல் பெருக்கிப் பாருங்கள்: ஒரு குவாண்டத்தின் ஆற்றல் 3.5 × 10⁻³¹ ஜூல். 37 டிகிரி உடம்பில் ஒரு மூலக்கூறின் வெப்ப ஆட்டம் 4.3 × 10⁻²¹ ஜூல் அளவில் இருக்கிறது. ஆயிரம் கோடி மடங்குக்கும் மேல். காதில் விழும் ஓசையில் குவாண்டத்தின் தனித்தன்மை கரைந்து போய்விடுகிறது. கிண்ணத்தின் அத்தனை அழகும் நியூட்டன் காலத்து இயக்கவியலுக்குள்ளேயே அடங்குகிறது.

அடுத்த வாக்கு: ‘பார்ப்பவரின் மனமே துகளைத் தீர்மானிக்கிறது’. இதை 1961-ல் யூஜீன் விக்னர் என்ற பெரிய இயற்பியலாளரே முன்வைத்தார், பின்னாளில் கைவிட்டார். காரணத்தை 2004-ல் வியன்னாவில் நடந்த சோதனை அழகாகக் காட்டியது. 70 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளைக் குறுக்கீட்டுமானி (அலைகள் ஒன்றோடொன்று கலப்பதைக் காட்டும் கருவி) வழியே அனுப்பினார்கள். அலையைப் போலக் குறுக்கீட்டுக் கோலம் வந்தது. மூலக்கூறுகளை லேசரால் 3,000 கெல்வின் அளவுக்குச் சூடாக்கியதும் கோலம் மங்கி மறைந்தது. சூடான மூலக்கூறு ஒளியை உமிழ்கிறது, அந்த ஒளி அதன் இருப்பிடத்தைச் சுற்றுப்புறத்துக்குச் சொல்லிவிடுகிறது, அவ்வளவுதான். அந்த ஒளியை யாரும் பார்க்க வேண்டியதில்லை. இயற்பியலில் ‘பார்த்தல்’ என்பது சுற்றுப்புறத்தோடு பிணைவது. தொலைவில் உள்ளவருக்கு எண்ணத்தை அனுப்பலாம் என்று பின்னல் நிலையை (இரண்டு துகள்கள் தொலைவிலும் பிணைந்தே இருப்பதை) காட்டுவதும் செல்லாது. பிணைந்த துகள்களின் முடிவுகள் பொருந்தி வரும், ஆனால் அதைக்கொண்டு ஒரு செய்தியும் அனுப்ப முடியாது.

உணர்வு என்பது என்ன என்ற கேள்விக்கு இன்னும் விடை இல்லை. இயற்பியலாளர் பென்ரோஸும் மயக்க மருத்துவர் ஹாமெராஃபும் மூளைச் செல்களின் நுண்குழல்களில் குவாண்டம் நிகழ்வு நடப்பதாகக் கருதுகோள் வைத்தார்கள். அந்தக் குவாண்டம் நிலை 10⁻¹³ விநாடிக்கு மேல் தாங்காது, நரம்பணு வேலை செய்யவோ ஆயிரத்தில் ஒரு விநாடியாவது வேண்டும் என்று 2000-ல் இயற்பியலாளர் டெக்மார்க் கணக்கிட்டார். வாதம் தொடர்கிறது. அதை முடிந்த விஷயம் போல அச்சிட்டு விற்பது இயற்பியலுக்கும் அநியாயம், ஆன்மிகத்துக்கும் அநியாயம். 1892 டிசம்பரில் விவேகானந்தர் குமரிமுனைப் பாறையில் தியானத்தில் அமர்ந்தபோது குவாண்டம் என்ற கருத்தே பிறக்கவில்லை. பிளாங்க் அதைச் சொன்னது 1900-ல். அய்யா வைகுண்டரின் சுவாமிதோப்புப் பதியில் கண்ணாடி முன் நின்று தன்னையே பார்த்து வணங்குகிறவருக்கும் எந்தச் சமன்பாட்டின் துணையும் தேவைப்படவில்லை. உள்ளே தேடும் அந்த வழிகளுக்குச் சொந்தமாகவே கனம் இருக்கிறது.

கடைசியாக டாலர். ‘எதிர்மின் அயனி வெளியிடும், 5ஜி கதிரைத் தடுக்கும்’ என்று விற்கிறார்கள். கடைக்காரர் ஒரு சிறிய அயனி மீட்டரைப் பக்கத்தில் வைத்து எண் ஆயிரக்கணக்கில் எகிறுவதைக் காட்டுவார். எண் எகிறுவது நிஜம். அதற்குக் காரணம்தான் ஆபத்து: அயனியாக்கும் கதிர்வீச்சு. கதிர்வீச்சை அளக்கும் கைகர் கருவியை இந்த டாலரில் ஒட்டி வைத்தால் பின்னணி அளவைவிடப் பல மடங்கு வேகத்தில் தட்டுகிறது. நடுவில் நாலு மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை நுழைத்தால் பெருமளவு அடங்குகிறது. ஆகவே முக்கியமாக பீட்டா துகள்கள் (அணுவின் கருவிலிருந்து பாயும் எலக்ட்ரான்கள்). இந்த வகைப் பொருள்களில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்த தாதுப்பொடியைச் சேர்ப்பது வெளிநாடுகளில் ஏற்கெனவே பிடிபட்ட விஷயம். நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு அமைப்பு 2021 டிசம்பரில் கழுத்தணி, கைவளை, தூக்கக் கண்மூடி உள்ளிட்ட பத்துப் பொருள்களைப் பெயர் சொல்லி, அணிவதை உடனே நிறுத்தச் சொன்னது. நாள் முழுக்கத் தோலை ஒட்டிக் கிடப்பதால் தோல் பாதிக்கப்படலாம் என்பது அதன் எச்சரிக்கை.

தோரியம் நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதை ஷாம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909-ல் கண்டதிலிருந்துதான் மணவாளக்குறிச்சி மணல் ஆலையின் கதையே தொடங்குகிறது. தேன் நிறமான அந்த மோனசைட்டில் எட்டு, ஒன்பது சதவீதம் தோரியம் ஆக்சைடு உண்டு. அணுசக்திச் சட்டத்தின் கீழ் வருவதால் உரிமம் இல்லாமல் யாரும் அதைக் கையாள முடியாது. கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பொருளைக் கழுத்தில் கட்டிக்கொள்ள ஒரு காரணமும் இல்லை. நீங்களே சோதிப்பதானால் ஒன்று கவனியுங்கள்: மணவாளக்குறிச்சி, மிடாலம் கரையோரத்தில் இயற்கைப் பின்னணியே அதிகம். முதலில் டாலரை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் பின்னணியைப் பத்து நிமிடம் அளந்து, பிறகு டாலரை அளந்து, வித்தியாசத்தைப் பாருங்கள். போன் கேமராவில் கதிர்வீச்சு பார்க்கும் செயலிகளை நம்ப வேண்டாம்.

வாங்குவதானால் கிண்ணம், கட்டை, திண்டு மூன்றை மட்டும் தரச் சொல்லிக் கேளுங்கள். இந்த அளவுக் கையடிக் கிண்ணத்துக்கு இரண்டாயிரம் ரூபாய் வரை கொடுக்கலாம். கடையிலேயே தட்டி, அரை நிமிடமாவது ஓசை நிற்கிறதா, நடுவில் இரைச்சல் இல்லாமல் விம்மல் வருகிறதா என்று பாருங்கள். முட்டம், குளச்சல் போலக் கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக் காற்றால் சீக்கிரம் களிம்பு பிடிக்கும். புளி கரைத்துக் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, ஈரம் போகத் துடைத்துத் துணியில் சுற்றி வையுங்கள். தேய்க்கும் விளிம்பில் எண்ணெய் படக்கூடாது, கட்டை வழுக்கும்.

டாலர் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் கழுத்திலிருந்து கழற்றி, அரத்தால் தேய்க்காமல், உடைக்காமல், தடித்த பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டி, படுக்கையிலிருந்தும் பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்திலிருந்தும் தள்ளி வையுங்கள். ‘சக்தி நீர்’ என்று அதைக் குடிதண்ணீரில் போட்டு வைக்கும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். தூளும் சில்லும் வயிற்றுக்குள் போனால் தோலைத் தாண்டாத ஆல்பா துகளும் உள்ளிருந்தே வேலை செய்யும்.