ஏரியா ஆஃப் சாரோவா, ஃபோக்லோரா?

எதிரியைப் பிடித்து அதையே ஆயுதமாக்கும் வீடியோ கேம் வேண்டுமென்றால் என் ஓட்டு பிளேஸ்டேஷன் 3-க்கு 2007-ல் வந்த ஃபோக்லோருக்குத்தான். கேம்பாய் அட்வான்ஸில் 2003-ல் வந்த காசில்வேனியா: ஏரியா ஆஃப் சாரோவும் எனக்கு உயிர், ஓடிக் குதித்துச் சண்டை போடும் சுகம் அதில்தான் அதிகம். ஆனால் அங்கே எதிரியைக் கொன்றால் அதன் சக்தியை நமக்குத் தரும் ஆன்மா கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், எல்லாம் அதிர்ஷ்டம். ஒரே அறைக்குள் திரும்பத் திரும்பப் போய் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஃபோக்லோர் அப்படியில்லை. அடிவாங்கிச் சோர்ந்ததும் ஜந்துவின் உடம்பிலிருந்து ஆவி வெளியே தெரியும், அதைப் பற்றிக்கொண்டு கன்ட்ரோலரையே வெடுக்கென மேலே இழுக்க வேண்டும். முரட்டு ஜந்து என்றால் இடமும் வலமுமாகச் சாய்த்து மல்லுக்கட்ட வேண்டும், தூண்டிலில் பெரிய மீன் மாட்டியது போலவே இருக்கும்! பிடித்ததை நான்கு பட்டன்களில் ஒன்றில் வைத்தால் அடுத்த சண்டையில் அது நமக்காக அடிக்கும். அப்புறம், எலன், கீட்ஸ் என்று நாம் ஆடும் இரு பாத்திரங்களின் கதைக்காகவும் அதே உலகங்களுக்குள் இரண்டு முறை போக வேண்டியிருப்பது கொஞ்சம் அலுப்புதான்.