துடிப்பை நீட்டினால் லேசரின் நிறக்கோடு மெலியுமா?

குறைகடத்தி லேசரின் நிறக்கோடு, அதாவது அதன் ஒளி பரவியிருக்கும் அதிர்வெண் அகலம், மெல்லியதாக வேண்டுமென்றால் துடிப்பை (ஒளி எரிந்து அணையும் குறுநேரத்தை) நீட்டினால் போதும் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஓர் அலையை அதன் அதிர்வெண்களாகப் பிரித்துக் காட்டும் ஃபூரியர் கணக்கும் அப்படித்தான் தோன்ற வைக்கிறது. காஸியன் (மணி போன்ற) வடிவத் துடிப்பில் கால அகலத்தையும் அதிர்வெண் அகலத்தையும் பெருக்கினால் விடை 0.44க்குக் கீழே இறங்காது. 1 நானோ நொடித் துடிப்புக்குக் குறைந்தது 440 மெகாஹெர்ட்ஸ். 10 நானோ நொடிக்கு 44. ஆனால் இது தரைமட்டம் மட்டுமே. மின்னோட்டத்தை நேரடியாக ஏற்றி இறக்கும் லேசர் அந்தத் தரையைத் தொடுவது அரிது.

முதலில் மிகக் குறுகிய துடிப்பு. சில பத்து பிக்கோ நொடிகளுக்குள் மின்னூட்டத் துகள்களின் அடர்த்தி எகிறி விழுகிறது. அதோடு ஒளிவிலகல் எண்ணும் மாறுகிறது. துடிப்பின் முன்விளிம்பு நீலப்பக்கமும் பின்விளிம்பு சிவப்புப்பக்கமும் சாய்கின்றன. கோடு ஃபூரியர் எல்லையைத் தாண்டி விரிகிறது. இரு கண்ணாடிகளுக்கிடையே ஒளியை எதிரொளிக்கும் எளிய வகையான ஃபேப்ரி-பெரோ லேசரில் பல அதிர்வு முறைகள் (அடுத்தடுத்த நிறங்கள்) ஒரே நேரத்தில் ஒளிர்வதால் நிலைமை இன்னும் மோசம். மெல்லிய கோடு தேவைப்படுவோர் இந்தப் பக்கம் வரவே வேண்டாம்.

சரி, நீட்டிப் பார்ப்போம். இப்போது தொல்லை வெப்பம். மின்னோட்டம் பாய்ந்த கணத்திலிருந்து சில்லு சூடேற, அலைநீளம் சிவப்புப்பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கும். நானோ நொடிக்கு 100 மெகாஹெர்ட்ஸ் நகர்வதாக வைத்துக்கொள்வோம். 10 நானோ நொடித் துடிப்பில் ஃபூரியர் பங்கு 44தான். வெப்ப நகர்வோ 1,000 மெகாஹெர்ட்ஸ். துடிப்பை 1 நானோ நொடியாகச் சுருக்கினால் நகர்வு 100 ஆகக் குறையும், ஃபூரியர் பங்கு 440 ஆக ஏறும். இரண்டும் சமமாகும் இடம் ஏறத்தாழ 2.1 நானோ நொடி. அங்கே ஒவ்வொன்றும் 210 மெகாஹெர்ட்ஸ் அளவில் நிற்கும். அதற்கு மேல் நீட்ட நீட்டக் கோடு தடிக்கும். நிறமாலைமானியில் இது கண்ணுக்கே தெரியும்: நீலப்பக்கம் செங்குத்தாக வெட்டி நிற்க, சிவப்புப்பக்கம் வால்போல் இழுபடும். (வாயுக்களை ஆய்வோர் இதே நகர்வைப் பயன்படுத்தி, ஒரே துடிப்பில் உறிஞ்சல் கோட்டை வருடி அளந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு நீண்ட துடிப்பே மேல்.)

மூன்றாவது வழிதான் என் தேர்வு. லேசரை நிலையான மின்னோட்டத்தில் விட்டுவிட்டு, வெளியே பண்பேற்றியால் (ஒளியைத் திறந்து மூடும் கருவி) ஒளியை நறுக்க வேண்டும். சில்லின் வெப்பநிலை அசையாது, மின்னூட்டத் துகள்களும் அலைபாயாது. 10 நானோ நொடித் துடிப்பு உண்மையாகவே 44 மெகாஹெர்ட்ஸை நெருங்கும். நேரடி இயக்கத்தில் ஒவ்வொரு துடிப்பும் தன்னியல்பு உமிழ்விலிருந்து புதிதாகப் பிறப்பதால் கட்டம் (அலையின் ஏற்ற இறக்கம் எந்த நிலையில் இருக்கிறது என்பது) தாறுமாறாக இருக்கும். இங்கோ எல்லாத் துடிப்புகளும் ஒரே அலையின் துண்டுகள். கட்டத் தொடர்ச்சி அறுபடுவதில்லை.

இதற்கு விலை ஒளி இழப்பு. நொடிக்கு 10,000 முறை 10 நானோ நொடி திறந்தால், லேசர் உமிழும் ஆற்றலில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் துடிப்பாகிறது. அதைவிடக் கசிவுதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. 30 டெசிபெல் அணைப்பு விகிதம் கொண்ட பண்பேற்றி, மூடியிருக்கும்போதும் ஆயிரத்தில் ஒரு பங்கை விடும். அப்படியானால் கசியும் ஆற்றல் துடிப்பின் ஆற்றலைப்போல் பத்து மடங்கு! இரண்டு பண்பேற்றிகளை வரிசையாக வைத்தால் அது துடிப்பில் நூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.