ஆன்லைன் கணக்கு வகுப்புக்குப் பேனா டேப்லெட் வாங்கலாமா?

பிளஸ் டூ கணக்கு டியூஷனை ஆன்லைனுக்கு மாற்றப் போகும் தோழி ஒருத்தி, "நீ வச்சிருக்கிற பேனா டேப்லெட்டையே வாங்கட்டுமா?" என்று கேட்டிருந்தாள். பதில் நீண்டுவிட்டதால் இங்கேயே எழுதுகிறேன்.

மேசையில் வைத்த பலகைமேல் அதற்கான பேனாவால் எழுதினால், எழுத்து கணினித் திரையில் விழும்; அதுதான் பேனா டேப்லெட். என்னுடையது திரை இல்லாத சாதாரண வகைதான். கை மேசையில், கண் திரையில் என்பது சில நாளில் பழகிவிடும், அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். பெட்டியில் 8192 அழுத்த நிலைகள் (பேனாவை அழுத்துவதற்கேற்பக் கோடு தடிக்க) என்று போட்டிருக்கும், கணக்கு எழுதுகிறவர்களுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தொகையீட்டுக் கணக்கை ஸ்லைடில் போட்டால் எல்லா வரியும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும், பிள்ளைகள் எழுதி முடிப்பதற்குள் நாம் அடுத்ததுக்குப் போயிருப்போம். பேனாவில் கரும்பலகையின் வேகம் திரும்பக் கிடைக்கிறது. கூடவே எழுதிக்கொண்டு வருகிறார்கள், குறி மாறினால் அந்த வரியிலேயே பிடித்துக் கேட்கிறார்கள். நான் எதிர்பார்க்காத சந்தோஷம், பலகையை அழிக்கவே வேண்டாம் என்பது. ஓபன்போர்டு என்கிற வெண்பலகை மென்பொருள் இலவசம், போன வாரப் பக்கத்தைத் திறந்து விட்ட இடத்தில் தொடரலாம், வராத பிள்ளைக்கு முழுப் பலகையையும் பிடிஎஃப் ஆக அனுப்பிவிடலாம். இதை நம்பித்தான் பாடத்தையே பிரித்தேன்: தேற்றமும் மாதிரிக் கணக்கும் சின்னச் சின்னப் பதிவுகளாக முன்கூட்டியே போய்விடும், நேரலை முழுக்கச் சந்தேகத்துக்கு. அதற்கு ஜூம் இலவசமாகத் தரும் 40 நிமிடமே போதும்.

சரி, இப்போது எரிச்சல். டேப்லெட்டின் எழுதும் பரப்பில் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 16:10, மடிக்கணினித் திரையில் 16:9. முழுப் பரப்பும் முழுத் திரைக்கு இழுபடுவதால் அகலம் மட்டும் 10/9 மடங்கு ஆகிறது. கை வட்டம் போடுகிறது, திரையில் நீள்வட்டம் விழுகிறது, மையத்தொலைத்தகவு (வட்டத்திலிருந்து எவ்வளவு விலகியது என்பதன் அளவு) கிட்டத்தட்ட 0.44! வட்டத்துக்கு அது பூஜ்ஜியம் என்று சொல்லிக்கொடுக்கிற பாடத்தில் இதைக் காட்டினால், வட்டம், நீள்வட்டம் போன்ற கூம்பு வெட்டிகளை முதல் தடவை பார்க்கிற பிள்ளை எதை நம்பும்? விகிதம் மாறாமல் வைக்க டிரைவரில் (டேப்லெட்டைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்) வழி இருக்கிறது, அடியில் பத்தில் ஒரு பங்கு வீணாகும், பரவாயில்லை. ஆனால் கணினி அப்டேட் ஆனால் போதும், டிரைவர் அதை மறந்துவிடுகிறது. சேவை மையத்தில் கேட்டால், அழித்துவிட்டு மறுபடி நிறுவுங்கள் என்ற ஒரே பதில். இன்று காலையும் அதேதான், வகுப்பில் பிள்ளைகள் காத்திருக்க நான் செட்டிங்ஸில் தேடிக்கொண்டிருந்தேன்.

அதனால், வாங்காதே. இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேன் என்று நினைக்கலாம், ஆனால் வகுப்பு நேரத்தைத் தின்கிற கருவியை என்னால் சிபாரிசு செய்ய முடியவில்லை. செல்போனை ஸ்டாண்டில் கவிழ்த்து மாட்டி, கீழே வெள்ளைத் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் எழுது. வட்டம் வட்டமாகவே தெரியும். டேப்லெட்தான் வேண்டும் என்றால், எழுதும் பரப்பின் நீள அகலத்தை வகுத்துப் பார்த்து, உன் திரையின் விகிதத்தோடு ஒத்துப்போனால் மட்டும் காசைக் கொடு.