மதுரை மேலமாசி வீதி கதர் விற்பனையகம்: வரலாறும் வேட்டியும்

மதுரை ரயில் நிலையத்திலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில், மேலமாசி வீதியின் 251-ஏ எண்ணுள்ள கட்டடத்தில் ஒரு கதர்க் கடை இருக்கிறது. 1921 செப்டம்பர் 22ஆம் நாள் காலையில், அன்று ராம்ஜி கல்யாண்ஜி என்ற குஜராத்தியரின் இல்லமாக இருந்த இந்தக் கட்டடத்தில்தான் காந்தி தம் சட்டையையும் தொப்பியையும் நீண்ட வேட்டியையும் விட்டுவிட்டு அரைவேட்டிக்கு மாறினார். அந்த மாடி இன்று அவருடைய நினைவிடமாக இருக்கிறது; கீழே துணி விற்கிறார்கள். எனவே இந்தக் கடையை மதிப்பிட முனையும் எவரும் இரண்டு தராசுகளைக் கையில் எடுத்தாக வேண்டும்.

உடை மாற்றத்தின் காரணம் பலருக்கும் பாதியளவே தெரிந்திருக்கிறது. ஏழை உழவரைப் பார்த்து மனம் கசிந்து உடையைத் துறந்தார் என்பதோடு பள்ளிப் பாடங்கள் நின்றுவிடுகின்றன. காந்தி தாமே எழுதியிருப்பது அதைவிடச் சிக்கலானது. சென்னையிலிருந்து மதுரை நோக்கிய ரயில் பயணத்தில் உடன் வந்தவர்களிடம் அந்நியத் துணியை விட்டுக் கதருக்கு மாறும்படி அவர் கேட்டுக்கொண்டார். அவர்களோ கதர் வாங்கும் அளவுக்குத் தங்களிடம் வசதி இல்லை, அதன் விலை மிக அதிகம் என்று தலையசைத்து மறுத்தனர். அந்நியப் பகட்டுத் துணி உடுத்தியிருந்தவர்கள் சொன்ன அந்த மறுமொழியில் முழு உண்மை இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் அதன் அடியில் ஓர் உண்மை இருப்பதை அவர் ஏற்றுக்கொண்டார். கோவணத்துக்கு மேல் எதுவும் இல்லாத கோடிக்கணக்கானோருக்கு, தொப்பியும் சட்டையும் முழு வேட்டியும் அணிந்துகொண்டு தாம் என்ன விடை சொல்ல முடியும் என்று யோசித்தவர், மதுரைக் கூட்டம் முடிந்த மறுநாள் காலையிலேயே விடையை உடுத்திக்கொண்டு வெளியே வந்தார்.

இந்த எண்ணம் அவருக்கு அன்றுதான் முதன்முதலாகத் தோன்றியது என்றும் சொல்வதற்கில்லை. கிழக்கு வங்காளத்துச் சுற்றுப்பயணத்திலும், அதன்பின் விசாகப்பட்டினத்தை ஒட்டிய வால்டேரில் கிலாபத் இயக்கத் தலைவர் மௌலானா முகமது அலி கைது செய்யப்பட்டபோதும் அது தலைதூக்கி அடங்கியிருந்தது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்வார்கள், சிலர் சித்தம் கலங்கியவர் என்றுகூட நினைக்கலாம் என்று உடன் இருந்தோர் தயங்கினர். முதலில் அவரும் அக்டோபர் 31 வரை என்றே காலவரம்பு வைத்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 1931இல், பக்கிங்காம் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைச் சந்தித்தபோதும் அந்த எளிய உடையைக் கைவிடவில்லை என்பது எல்லாரும் அறிந்ததே.

ஒரு கடையைப் பற்றிய மதிப்புரையில் இவ்வளவு வரலாறு தேவையா என்று கேட்கலாம். இங்கே தேவை என்பதே என் கருத்து. ஏனென்றால் இந்த வீட்டை வரலாற்றில் இடம்பெறச் செய்த கேள்வி ஒரு விலைக் கேள்வி. கதர்க் கடைக்குள் நுழைந்து விலைச்சீட்டைப் புரட்டும் சாதாரண வாடிக்கையாளர் இன்றும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்.

அதற்கான விடையைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம்: ஆலைத் துணியோடு ஒப்பிட்டால் கதரின் விலை அதிகம்தான், குறையவும் போவதில்லை. நூலைக் கையால் நூற்று, கையால் நெய்தால்தான் அது கதர். ஆலையில் நூற்ற நூலைத் தறியில் நெய்தால் அது கைத்தறி, அவ்வளவே. ராட்டையில் நூற்று, சிட்டம் எனப்படும் நூல்கட்டாகச் சுற்றி, பாவு எனப்படும் நீள இழைகளை ஓட்டி, தறியில் ஏற்றி இறக்கும் வரை ஒவ்வொரு முழத்திலும் மனிதரின் நேரம் சேர்ந்துகொண்டே போகிறது. நூற்பவருக்கும் நெய்பவருக்கும் கிடைக்கும் கூலி இன்னும் உயர வேண்டியது என்பதையும் கணக்கில் கொண்டால், கதர் மலிவாக இருக்க வேண்டும் என்று கோருவது நியாயமும் ஆகாது. காந்தி ஜெயந்தியை ஒட்டி ஆண்டுதோறும் அறிவிக்கப்படும் தள்ளுபடி இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகிறது. கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் அந்தப் பருவத்தில் வாங்குவது சிக்கனம், நிதானமாகத் துணியைத் தடவிப் பார்த்து வாங்க விரும்பினால் மற்ற மாதங்களே ஏற்றவை.

துணியின் தரத்தைப் பொறுத்தவரை எனக்கு இரு கருத்து இல்லை. புதுக் கதர் வேட்டி கஞ்சி விறைப்போடு இடுப்பில் நிற்க மறுக்கும். சில சலவைகளுக்குப் பிறகு அதே வேட்டி மென்மையாகிவிடும். இழையில் தென்படும் சிறு முடிச்சுகளும் தடிமன் வேறுபாடுகளும் குறைகள் அல்ல, கை நூற்பின் அடையாளங்கள். மதுரையின் சித்திரை வெயிலில் வியர்வையை உறிஞ்சிக் காற்றை உள்ளே விடுவதில் செயற்கை இழை கலந்த துணி எதுவும் இதற்கு ஈடாகாது. குறை என்று சொல்ல வேண்டுமானால், சுருங்கும், எளிதில் கசங்கும், வண்ணத் துணியானால் முதல் சலவையில் சாயமும் போகலாம். சட்டைத் துணி எடுப்பவர்கள் அதை நனைத்து உலர்த்திய பிறகே தையற்காரரிடம் கொடுக்க வேண்டும். பொதுவாகக் கதர் அங்காடிகளில் பாலியஸ்டர் கலந்த பாலிவஸ்திராவும் விற்கப்படுவதால், தூய பருத்தியை நாடுவோர் சீட்டைப் படித்துக் கேட்டு வாங்குவது நல்லது. உண்மையான கதர் என்று சான்றளிக்கும், 2013 முதல் நடைமுறைக்கு வந்த கதர் முத்திரை இதற்கு ஓர் உதவி.

மாடி நினைவிடத்திடம் அருங்காட்சியகத்துக்குரிய விரிவை எதிர்பார்க்க வேண்டாம். விரிவாக அறிய விரும்புவோர் தமுக்கம் அருகில், ராணி மங்கம்மாளின் அரண்மனையில், 1959 ஏப்ரல் 15 அன்று நேரு திறந்துவைத்த காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்குச் செல்ல வேண்டும். 1948 ஜனவரி 30 அன்று சுடப்பட்டபோது காந்தி அணிந்திருந்த, குருதிக் கறை படிந்த துணி அங்கேதான் இருக்கிறது. அந்த உடையின் முதல் நாளும் கடைசி நாளும் ஒரே ஊரில் இரண்டு முகவரிகளாக இருப்பதை மதுரைக்காரர்களே போதிய அளவு பேசுவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். மேலமாசி வீதியை முதலில் வைத்துக்கொள்வதே முறை.

காந்தியை முன்மாதிரியாகக் கொள்வோர் இந்த வீட்டில் எதைப் பின்பற்றுவது என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது. தம்மைப் போல் எல்லாரும் அரைவேட்டிக்கு மாற வேண்டும் என்று தாம் விரும்பவில்லை என அவரே எழுதினார். அந்நியத் துணி மறுப்பின் பொருளை உணர்ந்து கதர் உற்பத்திக்கு உழைக்க வேண்டும் என்பதே அவர் கேட்டது. என்னை ஈர்ப்பது அந்த ரயில் பெட்டியில் அவர் நடந்துகொண்ட விதம். மறுத்துப் பேசியவர்களைக் கடிந்துகொள்ளவோ, அவர்கள் சொன்னதை வீண்சாக்கு என்று ஒதுக்கிவிடவோ அவருக்கு எல்லா வாய்ப்பும் இருந்தது. அவர் அந்தச் சாக்கில் இருந்த உண்மையைப் பிரித்தெடுத்து, அதற்கான செலவைத் தம் உடம்பின் மேல் ஏற்றிக்கொண்டார். ஒரு தலைவரை நாயகராகக் கொள்வதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை. கதர்ச் சட்டை என்றாலே கட்சிக்காரர் என்று பொருள்பட்ட காலம் போய், இன்று மேடைகளில் பளபளக்கும் வெள்ளைகளில் எத்தனை கையால் நூற்றவை என்பது வேறு கதை.

விலையை மட்டும் வைத்துப் பார்த்தால் எல்லாருக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். துணியையும் இடத்தையும் சேர்த்துப் பார்த்தால் தயங்காமல் பரிந்துரைப்பேன். வீதி நெரிசலானது, வண்டி நிறுத்த இடம் தேடுவது வீண் அலைச்சல் என்பதால் நடந்தோ ஆட்டோவிலோ செல்வது உசிதம். கதருக்குப் புதியவர்கள் சட்டையில் தொடங்கிச் சுருக்கத்தையும் இஸ்திரியையும் நொந்துகொள்ளாமல், முதலில் ஒரு துண்டு வாங்கிக் கோடை முழுவதும் பயன்படுத்திப் பார்க்கலாம். அது பிடித்துப்போனால் அடுத்தது நான்கு முழ வேட்டி.