கடைசிப் பக்கத்துக் குமிழ்: ஐந்து வருட அனுபவம்

இரண்டு மாதங்களுக்கு முன்பு என் கிற்றார் புரொசெஸரின் (கிற்றாரின் ஒலியைப் பெருக்கும் அம்புகளையும் ஒலியை மாற்றும் எஃபெக்ட்டுகளையும் போலச் செய்யும் பெட்டி) மின்னிணைப்புத் துளை ஆட்டம் கண்டுவிட்டது. பரந்தனில் அதைத் தொட யாருமில்லை. கொழும்பில் ஒரு திருத்துமிடத்துக்கு பஸ்ஸில் அனுப்பினேன். மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. துளையை நேர்த்தியாக மாற்றியிருந்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு வார்த்தை கேட்காமல் நினைவகத்தை முழுவதும் அழித்துவிட்டார்கள். ஐந்து வருடமாகச் சேமித்து வைத்த ஒலி அமைப்புகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எதையும் எழுதி வைக்காதது என் பிழை. அழிக்கப்போகிறோம் என்று ஓர் அழைப்பு எடுக்காதது அவர்களுடைய பிழை, அதுதான் பெரிய பிழை.

ஞாபகத்தில் இருந்ததை வைத்து மறுபடி அமைத்தேன். அதே வால்வு (கண்ணாடிக் குழாய்) அம்ப், அதே கெயின் (அம்ப் எவ்வளவு கரகரக்க வேண்டும் என்ற அளவு), அதே பாஸ், அதே ட்ரெபிள். வீட்டில் ஹெட்போனில் சரியாகவே கேட்டது. கிளிநொச்சியில் ஒத்திகைக்குப் போனபோது எங்கள் பாடகி இரண்டாவது பாட்டை இடையில் நிறுத்திவிட்டார். "அண்ணா, நீங்கள் மெதுவாக வாசிக்கிற இடத்தில் எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை." சத்தத்தைக் கூட்டினேன். இப்போது ஓங்கி அடித்த இடத்தில் கீபோர்ட் வாசிப்பவர் முகத்தைச் சுளித்தார். ஒரு வாரம் கம்பியை மாற்றினேன், பிக்கப்பின் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் உறுப்பு) உயரத்தை மாற்றினேன். கடைசியில் திரையில் அம்ப் அமைப்பின் கடைசிப் பக்கத்தைத் திறந்தபோதுதான் கண்டேன்: அவுட்புட் கொம்பிரெஷன், அதாவது அம்புக்குப் பின்னால் நின்று சத்தத்தின் மேடு பள்ளத்தைக் குறைக்கும் கொம்பிரஸரின் குமிழ், பூச்சியத்தில் நின்றது.

இந்தக் கருவியை வாங்கலாமா என்று தம்பி ஒருவன் கேட்டிருக்கிறான். அதில் எத்தனை அம்ப், எத்தனை எஃபெக்ட் என்பதெல்லாம் அவனுக்கே தெரியும். அவனுக்குச் சொல்ல வேண்டியது இந்த ஒரு குமிழைப் பற்றித்தான்.

கொம்பிரஸரை அம்புக்கு முன்னால் வைத்துத்தான் பெரும்பாலானோர் பழகியிருக்கிறோம். 1970களில் வந்த டைனா கொம்ப் போன்ற பெடல்கள் (காலால் இயக்கும் சிறு பெட்டிகள்) அப்படிப் பழக்கிவிட்டன. முன்னால் வைத்தால், மெதுவாகத் தட்டினாலும் ஓங்கித் தட்டினாலும் அம்புக்குள் போகிற அளவு கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகிறது. அம்ப் கரகரப்பதும் எந்நேரமும் ஒரே அளவில் நிற்கிறது. விரலின் வித்தியாசம் அம்புக்குப் போய்ச் சேர்வதில்லை. பின்னால் வைத்தால், அம்ப் தன் வேலையை ஏற்கெனவே முடித்திருக்கும். மெதுவாகத் தட்டியது தெளிவாகவும் ஓங்கித் தட்டியது கரகரப்பாகவும் வெளியே வந்திருக்கும். அதற்குப் பிறகு சத்தத்தின் மேடு பள்ளம் மட்டும் குறைகிறது. அதனால் மெதுவாக வாசித்தது கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும், ஆனால் மெதுவாக வாசித்ததாகவே கேட்கும். பாடகருக்குப் பின்னால் வாசிக்கிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

முழுக் கரகரப்பில் வைத்து வாசிக்கிறவர்களுக்கு இதனால் பெரிய பயன் இல்லை. அந்த ஒலி ஏற்கெனவே தட்டையாகிவிட்டது. கரகரக்கலாமா வேண்டாமா என்ற எல்லையில் அம்பை வைத்திருப்பவனுக்குத்தான் இது பேசும்.

வால்வு அம்ப் இதைத் தானாகவே ஓரளவு செய்யும். எங்கள் வீட்டில் கிணற்று மோட்டரைப் போட்டால் குசினி பல்ப் ஒரு கணம் மங்கிப் பிறகு பழையபடி எழும்பும். வால்வு ரெக்டிஃபயர் (வரும் மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்கும் பகுதி) உள்ள அம்பில் ஒரு கோர்டை ஓங்கி அடித்தால் உள்ளே நடப்பதும் ஏறக்குறைய அதுதான். மின்னழுத்தம் தாழ்கிறது, ஒலி அமுங்குகிறது, பிறகு மெல்ல விரிகிறது. கடைசிப் பக்கத்துக் குமிழ் அந்த விரிவை நான் கேட்ட அளவுக்குத் தருகிறது.

அந்தக் குமிழை முதன்முதலில் கண்டுபிடித்தது 2022இல். இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த காலம். 12 வோல்ற் பற்றரியில் கருவியைப் போட்டு, இருட்டில் ஹெட்போனுடன் இருந்தேன். பிடிக்கும் நேரத்தை (சத்தம் கூடியதும் அமுக்க எடுக்கும் நேரம்) 1 மில்லிசெக்கனில் வைத்தால் பிக் கம்பியில் படுகிற முனை, அதாவது ஸ்வரத்தின் முதல் கூர்மை, செத்துவிட்டது. 25க்கு ஏற்றியதும் முனை தப்பி வந்தது. விடும் நேரத்தை (சத்தம் குறைந்ததும் அமுக்கத்தை விட எடுக்கும் நேரம்) 10க்கு இறக்கிய இரவு ஆறாவது கம்பி மட்டும் அழுக்காகக் கேட்டது. காரணம் பிறகுதான் விளங்கியது. அந்தக் கம்பி 82 ஹெர்ட்ஸ், ஓர் அலை முடியவே 12 மில்லிசெக்கன் ஆகிறது. கொம்பிரஸர் சத்தத்தைப் பின்தொடராமல் அலையையே பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தது. 150க்கு ஏற்றியதும் கம்பி சுத்தமாகிவிட்டது. அந்த இரவுகளில் வாசித்ததுபோல நான் எப்போதும் வாசித்ததில்லை.

அப்போது எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. ஊரில் மின்சாரமே இல்லாததால்தான் அவ்வளவு அமைதி.

மின்சாரம் வந்ததும் இரைச்சலும் வந்தது. என் கிற்றாரில் இருப்பது சிங்கிள் கோயில் பிக்கப். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை எங்கிருந்தாலும் இழுத்துக்கொள்ளும். அது பிக்கப்பின் குணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கொம்பிரஸர் 8 டெசிபெல் அமுக்கி, இழந்ததை ஈடுகட்ட 8 டெசிபெல் கூட்டித் தருகிறது என்று வையுங்கள். நான் வாசிக்காத நேரத்தில் அமுக்க ஒன்றுமில்லை. கூட்டிய 8 டெசிபெல்லும் அப்படியே இரைச்சலுக்குப் போகிறது. புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு கோவில் திருவிழாவில், தலைக்கு மேல் அலங்கார விளக்குகள், மேடைக்குப் பின்னால் ஜெனரேற்றர். முன்னிசை முடிந்து பாடகி மூச்சை இழுக்கிற அந்த இரண்டு செக்கனில் என் ஒலிபெருக்கியிலிருந்து "ம்ம்ம்" என்று எழும்பி வந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஐந்து வருடத்தில் அந்தப் பார்வையை எத்தனை தடவை வாங்கியிருப்பேன்!

நொய்ஸ் கேற் (சத்தம் குறைந்ததும் ஒலியை மூடிவிடும் அமைப்பு) இருக்கிறதே என்பார்கள். இந்தக் கருவியில் அது அம்புக்கு முன்னால் மட்டும்தான். இறுக்கினால் இரைச்சலோடு ஸ்வரத்தின் வாலும் அறுகிறது. நீண்டு நிற்பதற்காகவே கொம்பிரெஷன் போட்டவன் வாலை அறுக்கவா? பின்னால் இன்னொரு கேற் வைக்க இடம் கொடுத்திருக்கலாம். அதைவிட ஆத்திரம், அம்பை மாற்றும்போதெல்லாம் இந்த எண் சொல்லாமல் பூச்சியத்துக்குப் போவது. கெயின் அப்படியே நிற்கிறது, ட்ரெபிள் அப்படியே நிற்கிறது, இது மட்டும் போய்விடுகிறது. இவ்வளவு அருமையான ஒன்றைச் செய்தவர்கள் அதைக் கடைசிப் பக்கத்தில் போட்டு, காவலும் இல்லாமல் விட்டிருக்கிறார்கள். மேடையில் நின்று கடைசிப் பக்கத்துக்கு யாரால் போக முடியும்?

ஆகவே தம்பி, வாங்காதே. இந்த விலைக்கு ஒரு சாதாரண அம்பும், அதன் எஃபெக்ட் லூப்பில் (அம்பின் கரகரப்புக்குப் பிறகு பெடலைச் செருகும் இடம்) வைக்க ஒரு தனிக் கொம்பிரஸர் பெடலும் எடு. குமிழ் கண்ணுக்கு முன்னால் இருக்கும், யாரும் அழிக்கமாட்டார்கள். என்னுடையதை நான் கொடுக்கப்போவதில்லை. 25, 150 என்று கொப்பியில் எழுதிவிட்டேன், நேற்றைய ஒத்திகையில் பாடகி ஒன்றும் சொல்லவில்லை.

நம்பாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கிற்றாரோடு பரந்தனுக்கு வா. பின்னேரம் ஐந்து மணிக்கு வா, மோட்டர் ஓடுகிற நேரம். வாசித்துவிட்டுக் கையை எடுத்து இரண்டு செக்கன் பொறுத்துக் கேள்.