50 ஏக்கர் கண்மாய் 52 ஏக்கர் ஆனது: ஜிஐஎஸ் வகுப்பு, மூன்று வருடத்துக்குப் பிறகு

தோழியின் மகள் நேற்று ஒரு விளம்பரம் அனுப்பியிருந்தாள். நான் மூன்று வருடம் முன்பு படித்த அதே தனியார் ஜிஐஎஸ் (கணினியில் வரைபடம் வரைந்து அளக்கும் முறை) வகுப்பு, இப்போது பாதிக் கட்டணத்தில். "அத்தை, இதில் சேரட்டுமா, இல்லை ஆன்லைனில் இலவசமாகவே படித்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டிருந்தாள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் ஒவ்வொருவர் பக்கத்திலும் வந்து உட்கார்ந்து சொல்லித் தந்தார். சாட்டிலைட் படத்தில் கரையைப் பிடித்து வரைவது, பக்கத்துப் பாலிகனோடு, அதாவது ஏற்கெனவே வரைந்த வடிவத்தோடு, இடைவெளி விழாமல் விளிம்பை ஒட்டவைக்கும் ஸ்னாப்பிங் வைப்பது என்று என் கை பழகியது அங்கேதான். வீடியோ பார்த்து இதெல்லாம் வந்திருக்காது.

ஆனால் சிஆர்எஸ், அதாவது பூமியில் உள்ள இடங்களை வரைபடத்தில் எந்த முறையில் எண்களாகக் குறிப்பது என்ற ஏற்பாடு? மூன்று மாத வகுப்பில் அரை மணி நேரம்கூட அதற்கு ஒதுக்கவில்லை. கேட்டபோதெல்லாம் "அதை சாஃப்ட்வேரே பார்த்துக்கொள்ளும்" என்றுதான் பதில் வந்தது.

பார்த்துக்கொள்ளவில்லை. திண்டுக்கல் மாவட்டக் கண்மாய்களை வரைவது எனக்குக் கிடைத்த முதல் வேலை. கூகுள் சாட்டிலைட்டின் மேல் வரைந்தேன், இணைய வரைபடங்கள் பயன்படுத்தும், 3857 என்ற எண் கொண்ட அதே சிஆர்எஸ்ஸிலேயே லேயரையும் சேமித்தேன். க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளின் ஃபீல்டு கால்குலேட்டரில் பரப்பு எடுக்க இரண்டு வழி உண்டு. டாலர் குறியோடு வரும் ஏரியா பூமியின் வடிவத்தைக் கணக்கில் எடுக்கும். ஜியாமெட்ரியை (வரைந்த வடிவத்தை) உள்ளே கொடுத்து எழுதும் ஏரியா, லேயரின் சிஆர்எஸ்ஸில் தட்டையாக அளக்கும். நான் போட்டது இரண்டாவதை. நம் அட்சரேகையில் 3857இல் அப்படி அளந்தால் பரப்பு சுமார் 4 சதவீதம் கூடிவிடும். 50 ஏக்கர் கண்மாய் 52 ஏக்கர் ஆகிவிட்டது. ஒன்றிரண்டு என்றால் கரையைத் தவறாக வரைந்துவிட்டேன் என்று நினைத்திருப்பேன். கிராம நிலங்களின் பரப்பு இருக்கும் அ பதிவேட்டோடு ஒப்பிட்டால் எல்லாக் கண்மாயும் பெரிதாகவே இருந்தது. அறிக்கை கொடுத்த பிறகு விஏஓ கேட்டுத்தான் எனக்கே தெரிந்தது. ஆக்கிரமிப்பு வழக்குக்குப் போகும் கணக்கில் இரண்டு ஏக்கர் சின்ன விஷயம் இல்லை.

அப்புறம்தான் டேராடூனில் இஸ்ரோவின் கீழ் இருக்கும் இந்திய தொலையுணர்வு நிறுவனத்தின் இலவச ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். ஆங்கிலம், வேகம், சந்தேகம் கேட்பதும் கஷ்டம். இருந்தாலும் புரொஜெக்ஷன் (உருண்டையான பூமியைத் தட்டையாக்கும் முறை) என்றால் என்ன என்று புரிந்தது அங்கேதான். க்யூஜிஐஎஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் அறிமுகக் கையேட்டில் சிஆர்எஸ்ஸுக்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. அதைப் படித்துவிட்டு வரைபடத்தைப் பார்த்தால், யூடிஎம் (பூமியை 6 பாகை அகல மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி சிஆர்எஸ் வைத்து மீட்டரில் அளக்கும் முறை) 43, 44 மண்டலங்களைப் பிரிக்கும் 78 பாகைக் கோடு திண்டுக்கல் நகரை ஒட்டியே போகிறது! பழனி 43இல், நத்தம் 44இல். இந்த மாவட்டத்தில் வேலை செய்கிறவருக்கு இதைவிட முக்கியமான பாடம் என்ன இருக்கிறது?

விளம்பரத்தில் இருந்த பாடத்திட்டத்தை இரண்டு முறை படித்தேன். சிஆர்எஸ் இன்னும் இல்லை. கை பழகியது அங்கேதான் என்பது உண்மை. இருந்தும் சேர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை லேப்டாப்போடு வரச் சொல்லியிருக்கிறேன், அவள் ஊர்க் கண்மாயிலிருந்தே ஆரம்பிக்கலாம்.