சீனியரின் நினைவா, வாட்ஸ்அப் குழுவா, டிரைவ் கோப்புறையா? மலையில் ஒரு வக்கீல் அலுவலகம் அறிவைச் சேர்த்துவைக்கும் வழிகள்

நீலகிரியின் கூடலூர் கோர்ட்டில் ‘செக்‌ஷன் 17 நிலம்’ என்றால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். 1969-ஆம் வருடத்து ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தில், ஜென்மியிடம், அதாவது பரம்பரை நில உடைமையாளரிடம், குத்தகைக்கு எடுத்த தோட்டங்களைப் பற்றிய பிரிவு அது. அந்தச் சட்டத்திலிருந்து கிளைத்த ஐ.ஆர். கோயலோ வழக்கில் 2007-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. கூடலூர்க் காட்டில் தொடங்கிய கோதவர்மன் திருமுல்பாடு வழக்கின் 1996 டிசம்பர் 12 உத்தரவு, நாடு முழுக்கக் ‘காடு’ என்ற சொல்லின் பொருளையே விரித்தது. இவை புத்தகத்தில் கிடைக்கும். எந்த சர்வே எண் எப்போது உட்பிரிவானது, மலையாளத்தில் எழுதிய பழைய குத்தகைச் சீட்டு எந்த வழக்குக் கட்டுக்குள் கிடக்கிறது என்பதெல்லாம் யாரோ ஒருவர் தலைக்குள்தான் இருக்கும்.

அந்த ஒருவர் பெரும்பாலும் குமாஸ்தா. நான் ஊட்டியில் ஜூனியராக இருந்த அலுவலகத்தில் குமாஸ்தா அண்ணன் ஓய்வு பெற்றதும், பாகப்பிரிவினை வழக்கு ஒன்றின் டிக்ரி (தீர்ப்பாணை) நகலைத் தேடி மூன்று வாரம் அலைந்தோம். பீரோவில்தான் இருந்தது, மழை ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து, பக்கங்கள் ஒட்டிப்போயிருந்தன. ஆனாலும் இந்த வழியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். “தம்பி, கமிஷனர் ரிப்போர்ட்டை முதல்ல பாரு, பிராதை அப்புறம் படி” என்று, வழக்கு மனுவுக்கு முன்பே கோர்ட் அனுப்பிய கமிஷனரின் அறிக்கையைப் படிக்கச் சீனியர் சொல்லும்போது, ஏன் அப்படி என்பதும் கூடவே வந்துவிடுகிறது. அந்த ‘ஏன்’ வேறு எந்த வழியிலும் இவ்வளவு எளிதாகக் கைமாறுவதில்லை.

வாட்ஸ்அப் குழு வேகமானது. கோர்ட் வராண்டாவில் நின்று கேட்டால் அடுத்த நிமிடம் தீர்ப்பு வந்துவிடும். ஆறு மாதம் கழித்து அதே தீர்ப்பைத் தேடினால் வாய்தாத் தேதிகளுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் நடுவில் புதைந்திருக்கும். இதைவிட எனக்குப் பயம் தருவது வேறு. கட்சிக்காரர், அதாவது நம்மிடம் வழக்கைக் கொடுத்தவர், நம்மிடம் சொன்னதைக் காக்கும் கடமை, பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 132-ஆம் பிரிவின்படி குமாஸ்தாவுக்கும் உண்டு. அலுவலகத்தை விட்டுப் போன ஜூனியரின் போனில் கட்சிக்காரரின் பத்திரப் படங்கள் அப்படியே கிடக்கின்றன. அவசரத் தகவலுக்கு மட்டும் குழு போதும். ஆவணத்தை அதில் போடவே கூடாது.

டிரைவில், அதாவது இணையச் சேமிப்பில், அலுவலகத்தார் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கோப்புறை வைப்பதுதான் என் தேர்வு. அதிலும் ஒரு குழி உண்டு. 2024 ஜூலை 1-இல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்த பிறகு, கோப்புறையில் ‘482’ என்று தேடினால் இரண்டு விதமான மனுக்கள் வரும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482-ஆம் பிரிவு என்றால் வழக்கை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்துக்குப் போவது. அது இப்போது 528. புதிய நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் முன்ஜாமீன். அது முன்பு 438. நேரம் இல்லாத ஜூனியர் பழைய மாதிரியை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டால், மனு திரும்பி வரும். அதற்குள் கட்சிக்காரரைப் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள். சேர்த்துவைப்பதற்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட நாம் களையெடுப்பதற்குக் காட்டுவதில்லை.

லண்டனின் பெரிய சட்ட நிறுவனங்களில், வழக்கு நடத்தாமல் மாதிரி ஆவணங்களைப் புதுப்பிப்பதற்கென்றே வக்கீல்கள் இருக்கிறார்கள். ஐமேனேஜ், நெட்டாக்குமென்ட்ஸ் போன்ற கட்டண மென்பொருள்களும் அங்கே ஓடுகின்றன. நான்கு பேர் உள்ள அலுவலகத்துக்கு அந்த மென்பொருள் வேண்டாம். ஆனால் அந்த ஆள் கட்டாயம் வேண்டும். எங்களிடம் ஒரு ஜூனியர் மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் மாதிரி மனுக்களைப் பார்த்து, காலாவதியானதைத் தனிக் கோப்புறைக்குத் தள்ளுகிறார். பழைய கையெழுத்துப் பத்திரங்களைக் கணினி சரியாகப் படித்துத் தேடித் தரும் என்று நம்ப முடியாது என்பதால், ஸ்கேன் செய்த ஒவ்வொன்றுக்கும் கிராமம், சர்வே எண், வருடம் என்ற வரிசையில் பெயர் வைக்கிறோம்.

தீர்ப்பு வந்த வாரமே கட்டோடு ஒரு பக்கக் குறிப்பும் சேர வேண்டும்: என்ன கேட்டோம், எது எடுபட்டது, எது எடுபடவில்லை, ஏன். அந்த ‘ஏன்’ பகுதியைச் சீனியர் சொல்லச் சொல்ல ஜூனியர் எழுதுகிறார். சென்ற மாதம் எங்கள் குமாஸ்தா அண்ணனையும் உட்காரவைத்து, பீரோவின் மேல் தட்டிலிருந்து ஒவ்வொரு கட்டாகச் சொல்லச் சொன்னோம். இரண்டு மாலைகளில் பதினோரு கட்டுகள் முடிந்தன. அடுத்த மழைக்குள் கீழ்த்தட்டையும் முடித்துவிட வேண்டும்.